ஆறாம் நம்பர் ஊசி

"யாருக்குங்கண்ணா?" என்று கடைப்பெண் கேட்டாள். தம்பி குழந்தைக்கு என்று சொல்லிவிட்டான் சென்னியப்பன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அப்படிங்களா என்று திரும்பி அலமாரியின் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். உள்ளே உருண்டை உருண்டையாக நூல், சிவப்பு ஒரு தட்டு, நீலம் ஒரு தட்டு, குழந்தைகளுக்கென்றே வெளிர் நிறங்கள் இரண்டு தட்டு. அவள் பாட்டுக்கு எடுத்து எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தாள், அவன் மட்டும் அந்த ஒரு வார்த்தையிலேயே நின்றுகொண்டிருந்தான். தம்பிக்கு ஏது கைக்குழந்தை, நாச்சிமுத்துவின் பையன்கள் ரெண்டு பேரும் அவன் தோளுக்கு வளர்ந்தாகிவிட்டது. திருப்பூரில் காலையில் பஸ் ஏறியதிலிருந்து கோயமுத்தூர் வந்து இறங்கும் வரைக்கும் இந்தக் கேள்வி வரும், வந்தால் எம் பொண்ணுக்குங்க என்று சொல்ல வேண்டும் என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவன்தான். அவிநாசி தாண்டும்போது ஒரு தரம் சத்தமாகவே சொல்லிவிட்டான், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு பழகின பதில் வேண்டிய நேரத்தில் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது, யாரும் கூப்பிடாத இன்னொரு பதில் முந்திக்கொண்டு வெளியே வந்து நின்றது. சரி, போகிறது, நூல் வாங்க வந்தோம், நூலைப் பார்ப்போம் என்று மேஜையை நெருங்கினான். இருபத்திரண்டு வருஷமாக நூலைப் பார்த்தே வயிறு வளர்க்கிறவன் அவன். பனியன் துணி பின்னுகிற வட்ட மெஷின் ஆறு அவன் பொறுப்பில் ஓடுகிறது, ஒவ்வொன்றிலும் இரண்டாயிரத்துச் சொச்சம் ஊசி, அந்த இரண்டாயிரத்தில் ஒன்று மொண்ணையானாலும் துணியில் கோடு விழும், அந்தக் கோட்டைக் கண்ணில் காண்பதற்கு முன்னாலேயே சத்தத்தில் பிடித்துவிடுவான் சென்னியப்பன், கம்பெனியில் இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஊரே நூலில் மிதக்கிற திருப்பூரில் கையால் பின்னுகிற நூல் மட்டும் அவனுக்குக் கிடைக்கவில்லை. எல்லாம் மெஷின் நூல், தலைமுடி மாதிரி மெல்லிசு. எட்டு இழையைச் சேர்த்து முறுக்கிப் பார்த்தான், வசந்தாமணி அதைத் தூக்கிப் பிடித்து, இதில் மாட்டைக் கட்டலாமா ஆட்டைக் கட்டலாமா என்று கேட்டாள். அவன் பொண்டாட்டிக்கு அப்படி ஒரு வாய். அதனால்தான் கோயமுத்தூர், அதனால்தான் மணிக்கூண்டுக்குப் பின்னால் இந்தச் சந்து, இந்தச் சின்னக் கடை, ஜெசிந்தா என்று மற்றப் பெண்கள் கூப்பிடுகிற இந்தக் கடைப்பெண்.

முதல்தடவை பின்னுறவங்களா என்று அவள் கேட்டாள், ஆமாம் என்றான். முதல்தடவையா? ஒரு நாளைக்கு நூறு கிலோ துணி பின்னுகிறவன். ஆனால் அவள் கேட்டது கையை, மெஷினை இல்லை. கை முதல்தடவைதான், அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. அப்படியானால் இது எடுத்துக்கோங்க என்று அவள் ஒரு உருண்டையை முன்னால் தள்ளினாள், பஞ்சு மிட்டாய் போல ரோஸ் நிறம், அக்ரிலிக், இழுத்தால் இளகிக் கொடுக்கும், கை இறுக்கிப் போட்டாலும் தெரியாது, மெஷினில் துவைக்கலாம், புதுசாகப் பழகுகிற எல்லோருக்கும் இதைத்தான் கொடுப்போம் என்றாள். அவன் அதை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினான். விரல் உடனே வேண்டாம் என்றது. விரலுக்கு எப்படித் தெரிகிறது என்று அவனுக்குத் தெரியாது. காற்றுப் போகாத ஒரு வழவழப்பு, மழைக்கோட்டுக்குள் கை விட்ட மாதிரி. வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான், அதன் முறுக்கைப் பிரித்தான், நாலு இழை, நாலும் பொலபொலவென்று பிரிந்து போயின. இது ஊசி முனை பட்டதும் பிளந்துகொள்ளும், பழகாத கை ஒரு இழையை விட்டுவிட்டு மூன்றைக் கோத்துவிடும். அடுத்தது முசுமுசுவென்று முடி நீட்டிக்கொண்டு நின்றது, பார்க்க முயல்குட்டி போல அழகுதான், ஆனால் குழந்தை வாயில் வைக்குமே, வைத்தால் முடி நாக்கில் ஒட்டுமே. வாயில் வைப்பாள். எதைக் கண்டாலும் வாயில் வைக்கிறாள் என்று குழந்தைகள் இல்லத்து அம்மா சொன்னார்களே. போன மாசம் அவனும் வசந்தாமணியும் போய் முதல்தடவை பார்த்துவிட்டு வந்தார்கள், வரிசையாகத் தொட்டில்கள் போட்ட ஹால், டெட்டால் வாசனை, மூன்றாவது தொட்டிலில் அவள். நாலு மாசம். அவனைப் பார்த்துச் சிரிக்கவெல்லாம் இல்லை, கணக்கு வாத்தியார் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். கிளம்பும்போது இல்லத்து அம்மா, வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாளுக்கு ஒரு போர்வை கொண்டு வாருங்கள், கடையில் வாங்கிய உடனே கொண்டு வராமல் நீங்கள் ரெண்டு பேரும் பத்து நாள் மேலே போட்டுப் படுத்துவிட்டுக் கொண்டு வாருங்கள், உங்கள் வாசனை அதில் ஏறி இருந்தால் புது இடத்தில் அதிகம் அழமாட்டாள் என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போதே பாகம் பிரித்துக்கொண்டார்கள். வசந்தாமணி தையல்காரி, சட்டையெல்லாம் நான் தைத்துக்கொள்கிறேன் என்றாள். போர்வை என்னுது என்றான் அவன். வாசனை ஏற வேண்டுமென்றால் போர்த்திப் படுத்து எதற்கு ஏற்ற வேண்டும், கையாலேயே பின்னினால் ஒவ்வொரு கண்ணியிலும் ஏறிவிடாதா என்று அவனுக்குத் தோன்றியது, ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் பஸ்ஸிலேயே அழுதுவிடுவாள். இல்லை, அவன்தான் அழுதுவிடுவான்.

போர்வைக்குப் பருத்தி இல்லீங்களா என்று கேட்டான். இருக்குதுங்கண்ணா, ஆனா பருத்தி இளகிக் கொடுக்காது, விரல் வலிக்கும், முதல் போர்வைக்கு வேண்டாமே என்றாள் ஜெசிந்தா, சொல்லிக்கொண்டே எடுத்தும் வைத்தாள். எடுத்து வைத்ததில் ஒரு உருண்டை, மோருக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் ஒரு நிறம். அவன் கை தானாக அதன்மேல் போயிற்று. முறுக்கு கெட்டியாக இருந்தது, பிரித்தால் பிரிய மறுத்தது, நல்ல நீளப் பஞ்சு, எந்த மில்லோ தெரியவில்லை ஆனால் நூற்றவன் தொழில் தெரிந்தவன். நுனியை நாக்கில் ஈரப்படுத்தி வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தித் தேய்த்தான், சாயம் ஒட்டவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னொரு சோதனை இருக்கிறது, கேட்பதா வேண்டாமா என்று இருந்தது, கேட்டுவிட்டான், ஒரு சாண் கத்தரித்துக் கொடுத்தால் கொளுத்திப் பார்க்கலாமா? கடைக்குள்ளே வேண்டாங்கண்ணா என்று சொல்லிவிட்டு அவளே அக்ரிலிக்கில் ஒரு சாண், பருத்தியில் ஒரு சாண் வெட்டிக்கொண்டு, சாமி படத்துக்கு விளக்கேற்றுகிற தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பதினோரு மணி வெயில், சந்தில் ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரம்கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தார். அக்ரிலிக் சுருண்டு உருகிக் கறுப்புக் குண்டுமணியாகச் சொட்டியது. பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து பூப்போன்ற சாம்பலாக நின்றது, ஊதினால் ஒன்றுமில்லை. போர்வைக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட ஆட்டோக்காரர், குளிருக்குப் போர்த்துகிற துணியை எதற்குக் கொளுத்திப் பார்க்க வேண்டும் என்றார். பயம் என்று சொல்ல முடியுமா? இந்த ஒரு மாசமாக அவனுக்கு எல்லாவற்றிலும் பயம். சுவிட்சு போர்டைப் பார்த்தால் பயம், மாடிப்படியைப் பார்த்தால் பயம், தண்ணீர் பக்கெட்டைப் பார்த்தால் பயம். தத்துக்குப் பேர் பதிந்து நாலு வருஷம் காத்திருந்தபோது இல்லாத பயம், குழந்தையின் படம் வந்த அன்றைக்கு வந்தது. மெஷினில் நூல் மாற்றிக்கொண்டிருந்தான், சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தால் நீலத் துண்டின்மேல் ஒரு குழந்தை. இரண்டு நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்று கீழே போட்டிருந்தது. இரண்டு நாள் எதற்கு? அதே கம்பெனியில் வசந்தாமணி தைத்துக்கொண்டிருந்த மாடிக்கு நாலு நாலு படியாக ஏறினான், அவள் படத்தைப் பார்த்தாள், ஊசியில் கோத்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், சரின்னு சொல்லுங்க என்றாள். அவ்வளவுதான் பேச்சு. திரும்ப இறங்கி வந்து ஆறு மெஷின் சத்தத்துக்கு நடுவில் நின்று அழுதான், அந்தச் சத்தத்தில் யார் அழுதாலும் யாருக்கும் கேட்காது. சாயங்காலம் நாச்சிமுத்து வந்தான், போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான், கொஞ்சம் கருப்போ என்றான், யாரு பெத்ததோ, பின்னாடி யோசிக்காதீங்கண்ணா, இப்பவே யோசிச்சுக்கோங்க என்றான். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அன்றைக்கு சென்னியப்பன் எழுந்து நின்று, யோசிக்கிறதெல்லாம் முடிஞ்சுது, இனி உன் அண்ணன் மகள்னு சொல்லிப் பழகு என்று சொன்னான். வாழ்க்கையில் தம்பியிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தரம்தான். அப்படிச் சொன்ன வாய்தான் இன்றைக்கு, யாரென்றே தெரியாத ஒரு கடைப்பெண்ணிடம், அதே தம்பி பேரைச் சொல்லி ஒளிந்துகொண்டது. சாம்பல் காற்றில் போய்விட்டது. இதே பருத்தி போதுங்க என்றான்.

உள்ளே வந்ததும் ஊசி. ஊசி என்று சொல்லிவிட்டு அவள் ஒரு பெட்டியையே திறந்து வைத்தாள், எவர்சில்வர், பிளாஸ்டிக், மூங்கில், பென்சில் கனத்திலிருந்து தீக்குச்சி கனம் வரைக்கும். பன்னிரண்டாம் நம்பர் ரொம்ப மெல்லிசு, இந்த நூலுக்கு ஆறாம் நம்பர் சரியா இருக்கும், நம்பர் குறையக் குறைய ஊசி தடிமனாகும், புதுசா வர்றவங்க இதில்தான் குழம்புவாங்க என்று அவள் விளக்க ஆரம்பித்தாள், அவனுக்குச் சிரிப்பு வந்தது. நூலும் அப்படித்தானே, நாற்பதாம் நம்பர் நூல் முப்பதைவிட மெல்லிசு, இருபது வருஷமாக அவன் தலைக்குள் எண்கள் தலைகீழாகத்தான் ஓடுகின்றன. ஆறாம் நம்பர் என்றதும் அந்தக் கனம் விரலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கனத்தில் தகராறு இல்லை, எதனால் செய்தது என்பதில்தான் தகராறு. அவன் எவர்சில்வரை எடுத்தான். மெஷின்காரனுக்கு இரும்புதான் இரும்பு, பளபளவென்று மெருகு ஏறி, முனை சுத்தமாக, இதைப் போய் விட்டுவிட்டு யாராவது மூங்கில் குச்சியை வாங்குவார்களா? ஜெசிந்தா ஒரு ஸ்டூலைக் காட்டினாள், உட்கார்ந்து ரெண்டு வரிசை போட்டுப் பாருங்கண்ணா என்றாள். உட்கார்ந்தான். வீட்டில் மூன்று வாரமாக போனில் வீடியோ பார்த்து, விளக்குமாற்று ஈர்க்குச்சியைச் சீவி, அதில் சணலைச் சுற்றிப் பழகியிருந்தான், ஈர்க்குச்சி ஒடிய ஒடிய வசந்தாமணியின் விளக்குமாறு பாதியாகிவிட்டது. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒரு கண்ணிக்குள் நுழை, நூலை இழு, புதுக் கண்ணி வந்ததும் பழையதை விடு. இதே வேலையைத்தான் அவன் மெஷினில் இரண்டாயிரம் ஊசியும் கண் மூடித் திறப்பதற்குள் செய்கின்றன, இருபத்திரண்டு வருஷம் பக்கத்திலேயே நின்றும் அதை ஒரு தரம்கூட மெதுவாகப் பார்த்ததில்லை. முதல் இருபது கண்ணி ஏற்றினான். இரண்டாம் வரிசையில் ஏழாவது கண்ணி வழுக்கியது, அதைப் பிடிக்கப் போனான், இரும்பு ஊசி மீன் மாதிரி நழுவி வெளியே வந்தது, மிச்சம் பதிமூன்றும் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நின்றன. காது மடல் சூடாயிற்று. பக்கத்தில் லேஸ் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள், பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. தன் மெஷினில் இப்படிப் பதிமூன்று ஊசி ஒரே நேரத்தில் நூலை விட்டிருந்தால் யாரைத் திட்டியிருப்பான்? இடது கையின் மோதிர விரல்தான் காரணம், பத்து வருஷத்துக்கு முன்னால் மெஷினின் பல்சக்கரத்தில் மாட்டி எலும்பு முறிந்து, கூடும்போது கொக்கி மாதிரி வளைந்து கூடிவிட்டது, முழுசாக நீட்ட வராது. அந்த விரலை அவன் பஸ்ஸில்கூட மடித்து மறைத்தே வைப்பான். ஆனால் தொட்டிலுக்குள் அவன் கையை நீட்டியபோது, ஐந்து விரல் இருக்க, அவள் எட்டிப் பிடித்தது அதைத்தான். வளைந்திருந்ததால் பிடிக்க வாகாக இருந்ததோ என்னவோ. பிடித்தவள் விடவில்லை. வசந்தாமணி, போலாங்க நேரமாச்சு என்று இரண்டு தரம் சொன்ன பிறகும் அவன் குனிந்த வாக்கிலேயே நின்றான், இடுப்பு பிடித்துக்கொண்டது, கையை எடுக்கவே மனசில்லை. இந்தாங்க என்று ஜெசிந்தா மூங்கிலை நீட்டினாள், ரெண்டு ஊசியின் பின்முனையையும் ஒரு மெல்லிய வயர் இணைத்திருந்தது, போர்வை அகலத்துக்குக் கண்ணி நிறைய வரும், பாரமெல்லாம் மடியிலேயே கிடக்கும், கைக்குத் தெரியாது என்றாள். போட்டுப் பார்த்தான். மூங்கிலில் ஒரு சொரசொரப்பு, கண்ணிகள் அந்தந்த இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்தன. ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது. இருபதும் முடித்து, திருப்பி, இன்னொரு இருபது. வளைந்த விரல் நூலுக்குக் கொக்கியாக நின்றது, நழுவவில்லை, அந்த விரல் நேராக இருந்திருந்தால்தான் கஷ்டம். உங்களுக்கு நூல் பிடிக்கிற கை அமைஞ்சிருக்குங்கண்ணா, நிறைய பேருக்கு இதுக்கே ஒரு மாசம் ஆகும் என்றாள் அவள். வியாபாரத்துக்குச் சொல்லும் குரல் இல்லை அது. சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு மூன்றாம் வரிசை போட்டான், நிமிர்ந்தால் முகத்தில் இருப்பது தெரிந்துவிடும்.

எத்தனை உருண்டை வேணும் என்கிற இடத்தில்தான் அவன் அவன் ஆனான். முக்கால் மீட்டர் அகலம், எண்பத்தைந்து சென்டி நீளம், இந்தக் கனத்தில் பின்னினால் சதுர மீட்டருக்கு ஐந்நூற்றைம்பது கிராம் நிற்கும், அப்படியென்றால் முந்நூற்றைம்பது, விரயத்துக்கு ஐம்பது, ஆக நானூறு, ஐம்பது கிராம் உருண்டை எட்டு என்று மனசுக்குள் போட்டு முடிக்கவும், எட்டு உருண்டை பிடிக்குங்கண்ணா என்று ஜெசிந்தா சொல்லவும் சரியாக இருந்தது. எப்படி என்று கேட்டான், பத்து வருஷமா விக்கிறோமில்லைங்களா என்றாள், அவனுக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்தது. எட்டையும் அவள் அள்ளிப் பையில் போடப் போனாள், இருங்க என்று நிறுத்தி ஒவ்வொன்றின் காகிதப் பட்டையையும் திருப்பிப் பார்த்தான். சாயத் தொட்டி நம்பர், ஒரே தொட்டியில் முக்கின நூலுக்கெல்லாம் ஒரே நம்பர் இருக்கும். ஏழில் ஒரே நம்பர், எட்டாவது வேறு. வெறும் கண்ணுக்கு எட்டும் ஒன்றுதான், ஆனால் பின்னி முடித்து வெயிலில் விரித்தால் கடைசி ஒரு சாண் தனியாகத் தெரியும், வேறு வீட்டுத் துணியை ஒட்டுப் போட்ட மாதிரி. கம்பெனியில் இதற்காக ஒரு லோடு துணியே திரும்பி வந்திருக்கிறது. ஜெசிந்தா உருண்டையை வாங்கிப் பார்த்தாள், நானே கவனிக்கலீங்க என்று சொல்லிவிட்டு அடித்தட்டு வரைக்கும் தேடி அதே நம்பரில் எட்டாவதை எடுத்துக் கொடுத்தாள். பிறகு, முதல்தடவைன்னு சொன்னீங்க, நம்பவே முடியலை என்றாள். அப்போது அவனுக்கு ஏற்பட்ட பெருமையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டான். மெஷின்ல பின்னறவனுங்க நான் என்றான், அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெருமை அப்படியே இருந்திருக்கலாம். அவள் மூங்கில் ஊசியையும் உள்ளே வைத்துப் பையின் வாயைக் கட்டிக்கொண்டே, பெரியப்பாவே போர்வை பின்னறது இப்பத்தான் பார்க்கறேன், கொடுத்துவச்ச குழந்தை, யார் ஜாடைங்க, உங்க தம்பி ஜாடையா என்று கேட்டாள். எங்கப்பன் ஜாடைங்க என்று சொன்னான் சென்னியப்பன். இதுவும் வாயில் தானாக வந்தது. பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினான்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கும்போது அவனுக்கு நல்லாத்தான் இருந்தது. எட்டு உருண்டை என்பது ஒன்றும் பாரமில்லை, பை காலில் மெத்மெத்தென்று மோதிக்கொண்டு வந்தது, பூட்டிக்கிடந்த ஒரு கடையின் நிழலில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தான். பெரியப்பா. அவள் சொன்ன அந்த வார்த்தை வந்து நின்றது. தப்பு அவளுடையது இல்லை, அவன் கொடுத்ததை வைத்து அவள் சொன்னாள். ஏன் கொடுத்தான்? வெட்கமா? இல்லை, சத்தியமாக வெட்கமில்லை, படம் வந்த மறுநாள் கம்பெனி முழுக்க அவனே போய்ப் போய்ச் சொன்னான், செக்யூரிட்டி வரைக்கும் போனைக் காட்டினான். அப்புறம் என்ன? கேள்விதான். எம் பொண்ணுக்கு என்று சொன்னால் இத்தனை வயசிலேயா என்று ஒரு பார்வை வரும், எந்த ஆஸ்பத்திரி, சுகப் பிரசவமா, அம்மா பால் கொடுக்கிறாங்களா என்று வரும், ஒவ்வொன்றுக்கும் நின்று விளக்க வேண்டும், விளக்கியதும் எதிரில் இருப்பவர் முகம் இளகி, பெரிய மனசுங்க உங்களுக்கு என்பார்கள். அந்த வார்த்தைதான் அவனுக்கு ஆகாது. பெரிய மனசாவது, யாருக்கோ தர்மம் பண்ணின மாதிரி, குழந்தைதான் வந்து அவன் வீட்டைத் திறந்துவிடப் போகிறாள், கொடுப்பது யார் வாங்குவது யார். இன்றைக்கு ஒரு அரை மணி நேரம், விளக்கம் ஏதும் இல்லாமல், குழந்தைக்கு நூல் வாங்க வந்த ஒரு ஆளாக, மற்றவர்கள் மாதிரி நின்று நூல் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டான், அவ்வளவுதான். அந்த ஆசையில் தப்பென்ன? பஸ் வந்தது, ஏற ஒரு கால் வைத்தான். ஆனால் அப்பன் ஜாடை? அது எதற்கு? செத்துப்போன மனுஷனின் மூக்கையும் நெற்றியையும் எடுத்து அந்தக் குழந்தைமேல் எதற்கு ஒட்டினான், அவள் மூஞ்சி அவளுக்கு இல்லையா? இன்னும் ஐந்து வருஷத்தில், ஆறு வருஷத்தில், இதே மாதிரி ஒரு கடை, இதே மாதிரி ஒருத்தி, பாப்பா யாரு ஜாடைங்க என்று கேட்பாள், அப்போது அவன் விரலைப் பிடித்துக்கொண்டு மகள் பக்கத்தில் நிற்பாள், அண்ணாந்து அவன் வாயைத்தான் பார்ப்பாள். அன்றைக்கும் இந்த வாய் தானாக ஒன்றைச் சொன்னால்? கண்டக்டர் ஏறுங்க இல்லே இறங்குங்க என்றார். சென்னியப்பன் இறங்கினான். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தான், நடை வேகமாயிற்று, வேர்த்தது. பைத்தியக்காரத்தனம் என்று ஒரு பக்கம் தோன்றியது, அந்தப் பெண் இதற்குள் மறந்தே போயிருப்பாள், பத்து பேருக்கு லேஸ் அளந்திருப்பாள், ஒரு பொய்யைத் திருத்த எவனாவது பஸ்ஸை விடுவானா? ஆனால் ஒரு கண்ணி தவறினது தெரிந்த பிறகும் மேலே மேலே பின்னிக்கொண்டே போகிறவன் இல்லை அவன், பிரித்துவிட்டு வருவதுதான் வேலை, அதற்குக் கூச்சப்பட்டால் துணி உருப்படாது.

கடையில் கூட்டம் சேர்ந்திருந்தது. ஜெசிந்தா மேஜையில் ஒட்டிய அளவுகோலில் பச்சை ரிப்பனை வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள், அவனைப் பார்த்ததும், மாத்தோணுங்களா அண்ணா என்று கேட்டாள். வாசல்படியிலேயே நின்றான். மூச்சு வாங்கியது.

"நூலெல்லாம் சரியா இருக்குதுங்க. நான் சொன்னதுதான் சரியில்லை. தம்பி குழந்தைக்கில்லை. எம் பொண்ணுக்கு."

அவள் ரிப்பனைப் பிடித்தபடியே பார்த்தாள். லேஸ்காரப் பெண்களும் பார்த்தார்கள். இனி நிறுத்த முடியாது, நிறுத்தவும் தோன்றவில்லை. தத்து எடுக்கறோங்க, இருபத்தொண்ணாந் தேதி வீட்டுக்கு வர்றா, எங்கப்பன் ஜாடைன்னு சொன்னதும் பொய்தான், யார் ஜாடைன்னும் எனக்குத் தெரியாது, அவ ஜாடைதான் அவளுக்கு என்று சொன்னான். சொல்லும்போது குரல் தடுமாறவில்லை என்பதை ஆச்சரியமாகக் கவனித்தான், மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல், அந்தச் சின்னக் கடைக்கு அது அதிகம்தான், சந்தில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். பெரிய மனசு என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தான். அவள் அதைச் சொல்லவில்லை. ரிப்பனைக் கத்தரித்துச் சுருட்டி வாடிக்கையாளர் கையில் கொடுத்தாள், பிறகு, இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்குதுங்கண்ணா, தினம் பத்து வரிசை போட்டால்தான் முடியும் என்றாள்.

"பதினைஞ்சு போட்டிருவேனுங்க" என்றான்.

"பேர் வச்சாச்சா?"

வைத்தாகிவிட்டது, வசந்தாமணி ஒன்று சொல்ல அவன் ஒன்று சொல்ல, ஒரு வாரம் சண்டை போட்டு வைத்த பேர். ஆனால் வீட்டுக்கு வெளியே இன்னும் யாரிடமும் சொன்னதில்லை. நித்திலா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான், முன்னால் இன்னொரு எழுத்தும் சேர்ந்துகொண்டு வந்தது.

"செ. நித்திலா."

சொல்லிவிட்டு அவனே அதைக் கேட்டான். இந்த நாற்பத்து நாலு வயசு வரைக்கும் ப. சென்னியப்பன் என்று எழுதி எழுதித் தேய்ந்த கை, பள்ளிக்கூடத்தில், ரேஷன் கார்டில், கம்பெனி வருகைப் பதிவில், எல்லா இடத்திலும் அப்பனின் முதல் எழுத்து அவனுக்கு முன்னால் நின்றது, அதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. தன் பேர் அப்படி ஒரே எழுத்தாகச் சுருங்கி இன்னொருத்திக்கு முன்னால் போய் நிற்கும் என்பதை இந்த மாதிரி, ஒரு கடை வாசல்படியில், வேர்வையோடு கேட்பான் என்று நினைத்திருக்கவில்லை. சின்ன எழுத்து. ஆனால் ஆயுசுக்கும் அவள் எழுதும் இடமெல்லாம் அவனும் போவான். கூட்டத்துச் சத்தத்தில் ஜெசிந்தாவுக்கு முதல் எழுத்து சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மேஜைமேல் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.

"முன்னாடி என்னங்க சொன்னீங்க, செ-வா?"

"ஆமாங்க" என்றான் சென்னியப்பன். "நான்தாங்க அது."